வலது கால்

தாஷ்தனுக்கு போலியோ வந்தது இடது காலில். இரண்டு வயதுக் காய்ச்சல் அதைக் குச்சியாக்கிவிட்டுப் போனது. ஐம்பத்து மூன்று வயதுவரை வலது காலை நம்பியே பிழைத்தான். தெற்கே ஓஷிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு, இரண்டு பெரிய கணவாய்களைத் தாண்டி, பதினெட்டு வருஷமாக ஆளேற்றி வேன் ஓட்டினான். கிளட்ச் இல்லாத வண்டி. ஒரு கால் போதும்.

போன குளிர்காலத்திலிருந்து அந்த வலது காலும் ஏய்க்கத் தொடங்கியது. சாயங்காலமானால் தொடை நடுங்கும். இரண்டு முறை வாசற்படியில் விழுந்தான். மனைவி அனார் நச்சரித்து, நரம்பு மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

"செத்த நரம்போட வேலையையும் பிழைச்ச நரம்புதான் இத்தனை வருஷம் சேர்த்துப் பாத்திருக்கு. இப்ப அது ஓய்ஞ்சுபோச்சு," என்றாள் மருத்துவர். "களைச்ச பிறகு உட்காராதீங்க, களைக்கறதுக்கு முன்னாடியே உட்காருங்க. மணிக்கொரு தடவை வண்டிய நிறுத்துங்க. காலைக் குளிர விடாதீங்க. ஊன்றுகோல் ஒண்ணு வாங்குங்க."

தாஷ்தன் வெளியே வந்து சிரித்தான். "சின்ன வயசுல ஆஸ்பத்திரியில அழ அழ நடக்க வச்சாங்க. நடந்தேன். உட்கார்ந்திருந்தா இன்னிக்கும் உட்கார்ந்துதான் இருப்பேன்."

"அது அன்னிக்கு. இப்ப வேற சொல்றாங்கல்ல?"

"நீ சும்மா இரு அனார்."

மறுநாளிலிருந்து, காலை எழுந்ததும் ஒற்றைக் காலில் ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்தான். கால் இன்னும் மோசமானது. அவன் எண்ணிக்கையை அறுபதாக்கினான்.

அக்டோபரில் ஒருநாள், விடிய ஐந்து மணிக்கு ஓஷில் கிளம்பினான். முன்சீட்டில் புருல்சா அக்கா. சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவள், மாதம் ஒருமுறை அவனோடுதான் வருவாள். பின்னால் ஓர் இளம் ஜோடி, மடியில் கைக்குழந்தை. கணவன் பெயர் எர்லான்.

சூசமிர் புல்வெளியை எட்டும்போதே தொடை துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்து தம்பி, ஒரு கிண்ணம் குதிரைப்பால் குடிச்சிட்டுப் போலாம்," என்றாள் புருல்சா. "உன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிடணும் அக்கா."

"நீ எப்பதான் நிறுத்தியிருக்க? உன் வண்டியில வந்தா மூத்திரத்தையும் ஓஷ்லயே விட்டுட்டு வரணும்."

பின்சீட்டில் சிரித்தார்கள். தாஷ்தன் சிரிக்கவில்லை. இப்போது இறங்கினால் மறுபடி ஏற முடியுமோ என்ற பயம் அவனுக்கு. அதை அவர்கள் பார்க்கக் கூடாது.

கணவாயின் உச்சிக் குகைப்பாதையைத் தாண்டியதும் சாலை பாம்பாய்ச் சுருண்டு கீழே இறங்கியது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் வெறும் காற்று. கீழ் கியருக்கு மாற்றினான். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தான். பிடித்தது. இரண்டாவது வளைவுக்கு முன் மீண்டும் மிதித்தான். மிதித்ததாக நினைத்தான்.

பாதம் வழுக்கிக் கீழே விழுந்து கிடந்தது. அதை எழும்பச் சொன்னான், தூங்குகிற பிள்ளையைப் போல அசையாமல் கிடந்தது.

வலது கையால் தொடையைத் தூக்கிப் பாதத்தைப் பிரேக் மேல் வைத்தான். அழுத்த வலுவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான். வண்டி கொஞ்சம் தயங்கி, தீய்ந்த வாடை அடித்து, மறுபடி ஓடியது. எதிரே ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி ஏறி வந்தது.

"தம்பி! என்ன பண்ற?"

"கால் போச்சு அக்கா."

"என்னது?"

"கால் வேலை செய்யல. என் முட்டிய அழுத்து. ரெண்டு கையாலயும். இப்பவே!"

புருல்சா ஏனென்று கேட்கவில்லை. முழு உடம்பையும் சாய்த்து, பாலாடைக்கட்டி பிசைகிற இரண்டு கையாலும் அவன் முட்டியை அமுக்கினாள். வண்டி குலுங்கி, ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு திரும்பியது. பின்னால் குழந்தை வீறிட்டது.

"விடு... கொஞ்சம் விடு... மறுபடி அழுத்து! அழுத்து அக்கா!"

"அல்லா, அல்லா," என்று முணுமுணுத்தபடி அழுத்தினாள். மூன்று வளைவுகள் அப்படியே போயின. அவன் சாலையை மட்டும் பார்த்தான், அவள் அவன் வாயை மட்டும் பார்த்தாள். நான்காவது வளைவில் லாரிகள் ஒதுங்க விட்டிருந்த சரளை மேடு தெரிந்தது. அதற்குள் செலுத்தினான். வண்டி புதைந்து நின்றது.

எர்லான் இறங்கி ஓட்டுநர் கதவைப் பிடுங்கித் திறந்தான்.

"யோவ், பிள்ளைய வச்சிருக்கோம்னு தெரியாது உனக்கு? கால் ஆகாதுன்னு தெரிஞ்சுமா ஓட்டின?"

"அந்தக் கால் இல்லப்பா, இது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "தெரியும். பத்து மாசமாவே தெரியும். டாக்டர் சொன்னாங்க. நான்தான் மறைச்சேன்."

எர்லான் ஓங்கிய கையை இறக்கினான். அவனிடம் லைசென்ஸ் இருந்தது. அவனும் புருல்சாவும் தாஷ்தனைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார்கள். பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்கள். எர்லான்தான் ஓட்டினான். புருல்சா தன் கம்பளிச் சால்வையைத் தாஷ்தன் காலில் சுற்றிவிட்டு, "சொல்லியிருந்தா நாங்க என்ன, உன்னைத் தின்னுடுவோமா?" என்று மட்டும் கேட்டாள். தாஷ்தனுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து, வேறொரு ஓட்டுநரை அமர்த்தி வண்டியோடு வீடு திரும்பியவன் அனாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

மருத்துவர் அவனை முதலில் ஒரு மாதம் நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னாள். அறுபது பஸ்கி நின்றது. அனார் சமையலறையிலும் குளியலறையிலும் முக்காலி போட்டாள். ஷேவ் செய்வதும் பாத்திரம் கழுவுவதும் இனி உட்கார்ந்துதான். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையால் இயக்க, தெருக்கோடி மெக்கானிக் இரும்புக் கம்பியில் ஒரு நெம்புகோல் செய்து பொருத்தினான். லைசென்ஸ் அதிகாரி அவனைக் காலி மைதானத்தில் பத்துச் சுற்று வண்டி ஓட்டவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கணவாய்ப் பக்கம் அவன் பிறகு போகவில்லை. ஓஷ் ஊருக்குள் ஓட்டுகிறான், நண்பகலில் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காலை நீட்டிப் படுக்கிறான். மற்ற ஓட்டுநர்கள் விடுவார்களா?

"பணக்கார வீட்டுப் பெரியவரே, இன்னும் தூக்கம் முடியலையா?"

"போங்கடா. படுத்துக் கெடக்கறதும் எனக்கு வேலைதான்," என்பான், கண்ணைத் திறக்காமலே.