பை காலியானால் வீடு

அந்தத் தபால் நிலையத்தில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது: பை காலியானால் வீடு. காலையில் இருட்டோடு வந்து, தபாலைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கி, பையை ஏற்றிக்கொண்டு போய்க் கடைசி வீட்டில் கடைசிக் கடிதத்தைப் போட்டுவிட்டால், மிச்சப் பொழுது உங்களுடையது. கடிகாரத்தைக் கேட்க வேண்டியதில்லை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மழை, வெயில், நாய் எதிலிருந்தும் தப்ப முடியாது. ஆனாலும் ஆட்கள் அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

அங்கே எல்லாருக்கும் முன்னால் பை காலியாகிறவனுக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாற்பது வயதாகியும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல நடப்பான். சந்தில் நுழைந்து சந்தில் வெளிவந்து, மற்றவர்கள் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குறட்டை விட ஆரம்பித்திருப்பான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

அவனுக்குப் பக்கத்து மேசையில் அக்கா. தபால் நிலையத் தலைவர் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான். போன வருஷம் அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பகலில் கீழ்வீட்டுப் பெண் அவரைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பெண்ணுக்கும் சாயங்காலம் மருத்துவமனையில் துணி வெளுக்கிற வேலை. நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. அதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுடைய வாழ்க்கை மொத்தமும் அந்த நாலு மணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒரு வீட்டுக்குத் தபால் போட எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது அவர் வேலை. யாராவது ஒருவரோடு ஒரு நாள் முழுக்க நடப்பார். அந்தக் கணக்கை வைத்து எல்லாருக்கும் தெரு ஒதுக்குவார். அளவுக்காரர் என்று அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ரகசியக் கூட்டம் நடந்தது. தொழிலாளர்கள் சார்பில் எப்போதும் பேசுகிற கண்ணாடிக்காரர், அளவுக்காரர் யாரோடு வந்தாலும் அந்த ஆள் நிறைமாதக்காரி மாதிரி அடியெடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னார். எல்லாரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ராக்கெட்டும் சரி என்றான். மனசாரத்தான் சொன்னான்.

அளவுக்காரர் அவனையே பிடித்தார்.

முதல் தெருவில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அவன் நடந்த நடையைப் பார்த்து ஒரு வீட்டம்மா, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். இரண்டாம் தெருவில் அளவுக்காரர், பொல்லாத மனுஷன் இல்லை, பேச்சுத்துணைக்குப் பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

“உங்களப் பத்தி ஹெட் ஆபீஸ்லயே பேசுவாங்க. நேர்ல பாத்தா அப்படி ஒண்ணும் தெரியலையே.”

அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; ராக்கெட் தன் காலால் கெட்டான். மூன்றாம் தெருவில் நடை வேகமெடுத்தது, நான்காம் தெருவில் கிட்டத்தட்ட ஓட்டமாகிவிட்டது. கடைசி வீட்டு வாசலில் அளவுக்காரர் மூச்சிரைக்க நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த மாதிரி ஆளைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று முதுகில் தட்டினார். அன்றைக்கு ராக்கெட் நிம்மதியாகத் தூங்கினான் என்பதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த மாதம் புது ஒதுக்கீடு வந்தது. ஒரு ஆள் சுற்றுகிற தெருக்கள் சேர்ந்தது ஒரு பீட். அப்படி ஒரு பீட்டையே எடுத்துவிட்டு, அதன் தெருக்களை மற்றவர்கள் தலையில் பிரித்துக் கட்டியிருந்தார்கள். அக்காவுக்கு வாய்த்தது மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடி வீடுகள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள். கண்ணாடிக்காரர் குதித்தார். அந்த ஆள் அளக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் கணக்கை ஜோடித்துவிட்டான் என்றார். பிறகு ராக்கெட் பக்கம் திரும்பி, நீ மெதுவாகத்தானே நடந்தாய் என்று கேட்டார். நத்தைகூட என்னை முந்திக்கொண்டு போனது என்றான் ராக்கெட். அதோடு விட்டானா? அளவுக்காரரை எல்லாரையும்விட உரக்கத் திட்டியதும் அவன்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவனுடையது குறுகுறுக்க ஒரு வாரம் ஆனது. ஒரு காலையில் தபாலைப் பிரித்துக்கொண்டே, தப்பான விலாசத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் அக்கா சொன்னாள். முந்தின நாள் அவள் போய்ச் சேரும்போது ஐந்து மணி ஆகிவிட்டது. தண்ணீர் எடுக்க எழுந்த கணவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, கூப்பிடவும் வாய் வராமல் அப்படியே கிடந்திருக்கிறார்.

“நல்லவேளை, தலைல அடிபடல,” என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

ராக்கெட் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதிலாக, அந்த அடுக்குமாடி வீடுகளுக்கான தபால் கட்டைத் தன்னிடம் தரச் சொன்னான். தன் பீட்டை முடித்துவிட்டு அதையும் போட்டுவிடுவதாகச் சொன்னான். ஒருவர் தபாலை இன்னொருவர் கையில் கொடுப்பது பெரிய குற்றம். தெரிந்தால் கொடுத்தவர் வேலையும் போகும், வாங்கியவர் வேலையும் போகும். அக்கா முதலில் மறுத்தாள். அப்புறம் கட்டிலும் சுவரும் ஞாபகம் வந்திருக்கும். வழியில் மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் மூலையில் வைத்துத் தபால் கட்டை அவன் கையில் கொடுத்தாள்.

“கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்டா.”

அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. தினமும் கொடுக்கும்போது ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள். ஒவ்வொன்றும் அவன் கன்னத்தில் அறைந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மாடிப்படிகளை வெறிபிடித்தவன்போல ஏறினான். முட்டி வலித்தால் நல்லது என்று நினைத்தான். பாழாய்ப்போன கால், வலிக்கவும் இல்லை.

இதற்கிடையில் புது ஒதுக்கீட்டை எதிர்த்துக் கண்ணாடிக்காரர் மனு எழுதிப் போட்டிருந்தார். மனிதனால் முடியாத வேலை, சந்தேகம் இருந்தால் அக்காவின் பீட்டைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அளவுக்காரர் பார்த்தார். யாருக்கும் சொல்லாமல், அக்காவின் வீட்டு வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு, அவள் எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறாள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டார். அக்கா தினமும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

எல்லாரையும் கூட்டி வைத்து அளவுக்காரர் முடிவைச் சொன்னார். இருப்பதிலேயே கனமான பீட்டை, இருப்பவர்களில் மூத்தவர் ஒருவர் சரியான நேரத்துக்கு முடிக்கிறார். ஆகவே மனு தள்ளுபடி, இந்த ஒதுக்கீடே இனி நிரந்தரம். பிறகு சந்தேகம் தட்டியதோ என்னவோ, அக்காவைப் பார்த்து, தனியாகத்தான் முடித்தீர்களா, யாராவது உதவினார்களா என்று கேட்டார்.

அக்கா ராக்கெட்டை ஒரு தடவை பார்த்தாள். தன் வேலை போய்விடுமே என்கிற பார்வை இல்லை அது. அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“தனியாத்தான் சார் முடிச்சேன்.”

அந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாளிலிருந்து அக்காவோடு யாரும் பேசவில்லை. டீத் தட்டு அவள் மேசையைத் தாண்டிப் போனது. அக்கா என்ற பெயர் போய் ‘அந்தம்மா’ ஆகிவிட்டாள். அவள் காதில் விழட்டும் என்றே கண்ணாடிக்காரர் பேசினார். அவங்களுக்காகத்தான் மனு போட்டோம், அவங்க ஓடிக் காட்டி நல்ல பேர் வாங்கிக்கிட்டாங்க என்றார். அக்கா தலை நிமிராமல் தபாலைப் பிரித்தாள். அச்சக மூலையில் வழக்கம்போலக் கட்டைக் கொடுக்கும்போது அவனுக்கே ஆறுதல் சொன்னாள்.

“நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. இவங்க பேசாட்டி என்ன, உன் பொழப்பு போயிடக் கூடாது.”

யாருக்கு வர வேண்டிய பழியை யார் சுமக்கிறார்கள். இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் காலை, தலைவர் வருவதற்கு முன்னால், எல்லாரும் தபால் பிரித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றான்.

“அக்கா ஓடல. அடுக்குமாடித் தபால தெனமும் நான்தான் போட்டேன். அளவெடுத்த அன்னிக்கு ஓடினதும் நான்தான். மெதுவா நடந்தேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அன்று ஓடியது பற்றி மட்டும் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டதாகவும், மற்றதை எழுதினால் அக்காவின் வேலையும் போய்விடும் என்பதால் எழுதவில்லை என்றும் சொன்னான். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. எழுதி என்ன, ஓடி முடிக்க முடிகிறது இல்லையா என்றுதான் அங்கிருந்து பதில் வரும் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தை எதிர்பார்த்து நின்றவனுக்கு அந்த முகத்தில் கோபமே தெரியவில்லை.

“அப்ப நீ தெனமும் வாங்கிட்டுப் போனியே… எனக்காக இல்லையா அது?”

உங்களுக்காகத்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தான். அது உண்மையா என்று அவனுக்கே தெரியவில்லை. இன்னொரு பொய்யை அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அக்கா அடுக்குமாடிக் கட்டை எடுத்துத் தன் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டாள். பையைத் தோளில் ஏற்றும்போது ஒருமுறை தடுமாறினாள். பிடிக்கப் போன ராக்கெட்டின் கையை விலக்கிவிட்டு வெளியே நடந்தாள். இன்றைக்கு அவள் வீடு போய்ச் சேர நாலு மணிக்கு மேல் ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.