‘அவர்’ யார்?

மார்ச்சு ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை மாலை, ஒரு கணவன் தன் மனைவியின் கைப்பையைத் திறந்து, அவளுடைய குறிப்பேட்டைக் கேளாமல் எடுத்துப் படித்தான். அதைக் குற்றம் என்று அந்த வீட்டில் எவரும் கருதவில்லை. குறை இதுதான்.

மனைவி உளவள ஆலோசகர் ஆவதற்குப் பயிற்சி பெறுபவள். நூறு மணி நேரம் பிறர் துயரைக் கேட்டு, ஒவ்வோர் அமர்வையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற்றால்தான் சான்றிதழ். தொண்ணூற்றெட்டு முடிந்திருந்தன. வந்தவரை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது என்பது விதி. ஆகவே, “அவர் இன்று அழுதார். முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்” என்று எழுதியிருந்தாள்.

கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ‘அவர்’ என்னும் சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும் என்பதை அறியாதவன் அல்லன். ஆனால், தன் மனைவியின் வாயில் ‘அவர்’ என்றால் அது தான் ஒருவனே என்று பத்தாண்டுகளாக நம்பியிருந்தான்.

கைப்பையை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்த அவள் உள்ளே வந்ததும் குறிப்பேட்டை மேசைமேல் எறிந்தான். “நான் பேசினா ‘ம்’ கொட்டக்கூட உனக்கு நேரமில்ல. அங்க கதவைச் சாத்திக்கிட்டு அம்பது நிமிஷம்! யாரு இந்த அவரு?”

“சொல்லக் கூடாதுங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா? அத மட்டும் சொல்லு.”

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு வார்த்தைதானேம்மா? சொல்லிட்டா அவனும் அடங்குவான், நானும் நிம்மதியா சாப்பிடுவேன்.”

அந்த ஒரு வார்த்தை அவளை அன்றே காப்பாற்றியிருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“இன்னிக்கு இதச் சொன்னா, நாளைக்குப் பேரைக் கேப்பீங்க. என்னை நம்பி வந்தவங்க. சொல்ல மாட்டேன்.”

இரண்டு நாள் அவன் பேசவில்லை. தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டு, அதையே அவளுக்கு அளித்த தண்டனையாக எண்ணினான். வியாழனன்று விடுப்பு எடுத்து, ஆலோசனை மையத்துக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் காத்திருந்தான். மனைவி கதவைத் திறந்துவிட, அழுத முகத்துடன் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். உற்றுப் பார்க்கும் ஆடவனைக் கண்டதும் முகத்தை மறைத்துக்கொண்டு விரைந்து போனாள்.

அன்று மாலை அவன் குழைந்தான். “பொம்பளைதானா? மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? சரி விடு, நான் மனசுல வச்சுக்கல.”

மன்னித்தவன் அவனாம்! மகனின் பெருந்தன்மையை மாமியாரும் மெச்சினாள்.

அடுத்த வியாழன் அந்தப் பெண் வரவில்லை. மனைவி தொலைபேசியில் அழைத்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்: “எதிர்ல நின்னவரு, எங்க வீட்டுக்காரரு அனுப்பின ஆளாம்மா?”

“இல்லீங்க. அவர் என் வீட்டுக்காரர்.”

“அப்ப, உங்க வீட்டுலயும் இதேதானா?” என்றாள் அந்தப் பெண். பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை.

நடந்ததை மனைவியே மேற்பார்வையாளரிடம் சொன்னாள். இரகசியம் கெட்ட அமர்வுகள் கணக்கில் சேரா என்று கூறி, அந்தப் பெண்ணுடன் கழிந்த பன்னிரண்டு மணி நேரத்தையும் அவர் அடித்துவிட்டார். எட்டிப் பார்த்தவன் இழந்தது ஒன்றுமில்லை.

வீடு திரும்பிய அவள் அறைக்குள் போய், திருமணமானபின் முதன்முறையாக உட்புறம் தாழிட்டாள். குறிப்பேட்டில் எழுதினாள்: “அவர் வரவில்லை. காரணம்: அவர்.”

வெளியே கதவு தட்டப்பட்டது. “உள்ள என்ன எழுதுற? யாரப் பத்தி?”

அவள் திறக்கவில்லை.

படிப்பவரே, அவ்விரண்டு ‘அவர்’களில் இரண்டாமவர் நீராக இருந்தால், தட்டுவதை நிறுத்தும். கைப்பையைத் தொடாதீர்; மன்னிப்புக் கேளும், மன்னிப்பு வழங்காதீர்.