மந்தையம்மன் முன்னால் ஒரு விசாரணை

காட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குத் தடை போட்ட கையோடு எங்கள் கோம்பை ஊருக்கு ஒரு விசாரணை அதிகாரி வந்து கூடாரம் அடித்தார். அவர் கூப்பிட்டால் போகவேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும், வாயைத் திறக்காவிட்டால் ஜெயில். சட்டமே அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: மலைமேல் நாங்கள் மாடுகளை அடைக்கிற கிடை எங்கே இருக்கிறது?

சொன்னால் மாடுகள் சர்க்கார் பவுண்டுப் பட்டிக்குப் போகும், மேய்க்கிறவன் கைவிலங்கோடு போவான். மேய்த்துக்கொண்டிருந்தவன் கர்ணன். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோகிற பெண்டாட்டி மாயக்காளுக்குத்தான் முதல் சம்மன் வந்தது.

நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மலையில் மேய்ப்பது எங்கள் பாத்தியதை என்று மதுரைக் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். சம்மன் நாளன்று காலையில் எங்கள் ராக்கப்பன் மாட்டுவண்டியை விரட்டிக்கொண்டு வந்து, தடையுத்தரவை அதிகாரி கையில் கொடுத்தான். வழக்கு தீரும்வரை அவர் யாரையும் விசாரிக்கக் கூடாதாம். படித்ததும் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மந்தையம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஊரில் அதை யாரும் மீறமாட்டார்கள். மீறினால் கிடையே அழிந்துபோகும் என்று எங்களுக்குப் பயம். இதை எவனோ அவர் காதில் ஓதியிருக்கிறான். சாயங்காலம் கற்பூரப் பொட்டலத்தோடு கோவிலுக்கே வந்துவிட்டார். மாயக்காளையும் வரவழைத்தார். அவள் பின்னாலேயே ஊரும் கூடிவிட்டது.

"நான் விசாரிக்கலையே. கற்பூரத்தை அணைச்சு, கிடை எங்கேன்னு சாமிகிட்ட சொல்லச் சொல்றேன். இதைக் கோர்ட் தடுக்கலையே?" என்றார்.

அவருடைய சேவகன் கற்பூரத்தை ஏற்றினான். எங்கள் சாமியையே எங்களுக்கு எதிராக இழுக்கிறானே இந்த அதிகாரி! ஆனாலும் ஏற்றிய கற்பூரத்தை விட்டு விலகிப்போகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

மாயக்காள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே போனாள்.

"அணைச்சுச் சத்தியம் பண்ணணும், அம்புட்டுத்தேன எசமான்?"

"ஆமா. பண்ணு."

உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது.

"ஆத்தா மேல சத்தியம். கிடை இருக்குற எடத்தை எவுக கேட்டாலும், எப்பக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தடையுத்தரவு ரொம்ப நாள் நிக்காது, தெரியுமா? அப்புறம் என்ன செய்வே?"

"கோர்ட்டு ஒங்க வாயத்தேன் கொஞ்ச நாளைக்குக் கட்டியிருக்கு. நான் என் வாய ஆயுசுக்கும் கட்டிப்புட்டேன். ஜெயிலுக்குத்தேன் போகணும்னா இப்பவே வாரேன், நடங்க."

ராக்கப்பன் சேவகன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பூசாரியிடம் நீட்டினான்.

"இன்னொன்னு ஏத்துங்க சாமி. அடுத்தது நானு."

அவனுக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது. அதிகாரி வாங்கிவந்த கற்பூரம் எங்களுக்குப் போதவில்லை.