பட்டன் சார் நடத்திய பரிசோதனை

பட்டன் சாருக்குப் பிடித்த பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை. இது அபாண்டம் இல்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான். மிக்சி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் என்று வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். ஒழுங்காகச் செய்த பொருளுக்குக் கையேடே வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. தன் சாப்பாட்டில் தானே மண்ணை அள்ளிப் போடும் இந்தக் கொள்கையையும் வைத்துக்கொண்டு, வீட்டு மேஜையை விட்டு எழுந்திருக்காமலே சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்த சாமர்த்தியசாலி. லிஃப்டில் கதவைத் திறக்கிற பட்டனும் மூடுகிற பட்டனும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று குடியிருப்புச் சங்கத்துக்கு ஓயாமல் புகார் எழுதியதில், அக்கம்பக்கத்தார் சூட்டிய பட்டம்தான் பட்டன் சார். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடும். "துவைக்கச் சொன்னா கச்சேரி பண்ணுது" என்பார். ஏசி ரிமோட்டில் ஓர் இலைப் படம் இருக்கும். "இதை அமுக்கினா என்ன ஆகும், மரம் முளைக்குமா?" என்பார். வங்கிச் செயலி கடவுச்சொல்லில் எண் கேட்டது, பெரிய எழுத்து கேட்டது, நட்சத்திரம் கேட்டது. எல்லாவற்றையும் கொடுத்த பிறகு நீளம் அதிகம் என்று திருப்பியடித்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அடுப்பில் எந்தத் திருகு எந்தப் பர்னருக்கு என்று அவரே ஸ்டிக்கர் ஒட்டினார். சூட்டில் ஸ்டிக்கர் உருகி, இப்போது எந்தத் திருகும் சரியாகத் திரும்புவதில்லை. அது மட்டும் அவர் கணக்கில் குறையாகச் சேரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாக வாங்கிய மின்கெட்டிலின் முறை.

"இங்க பாரு. மூடி திறக்கிற பட்டனும், சூடு பண்ற பட்டனும் பக்கத்துல பக்கத்துல. எந்தப் புண்ணியவான் யோசிச்சதோ. கை வெந்தா யார் பொறுப்பு?"

"வெந்த கைதான் பொறுப்பு" என்றாள் அவர் மனைவி. டீ வரும் என்று நம்பி வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கடைக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். இந்த மூடியைக் கொஞ்சம் பாரேன்."

அவள் மூடியைப் பார்க்கவில்லை. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் முகத்தில் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. கடை முதலாளி வேறோர் ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறார். ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும், அவ்வளவு தூரம். அந்தக் கிளையை நீதான் நடத்த வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளுக்கு அதில் கொள்ளை ஆசை. முதலாளி சொன்ன அன்றே கணவரிடம் அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் கூட வருவாரா?

வராமல் இருக்க அவரிடம் ஒரு சாக்கும் இல்லை. அதுதான் சிக்கலே. ஆபீஸ் இருந்தால் ஆபீஸைக் காட்டலாம். அவர் ஆபீஸ் ஒரு மேஜை; அது எந்த ஊரிலும் நாலு காலில்தான் நிற்கும். ஆகவே அவள் கேட்ட முதல் தடவை டிவி ரிமோட்டைப் பற்றிப் பேசினார். அடுத்த தடவை குளியலறைக் குழாயில் சூடு எந்தப் பக்கம் என்று ஏன் எழுதவில்லை என்று கொதித்தார். உலகத்தில் உள்ள பட்டனுக்கெல்லாம் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் மச்சினனிடமிருந்து செய்தி வந்தது. மச்சினன் என்றால் அவளுடைய தம்பி. வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் செயலி செய்கிற கம்பெனியில் இருந்தான். "மாமா, போன தடவை நீங்க சொன்ன குறையெல்லாம் சரி பண்ணிட்டோம். புதுசு இன்னிக்கு வெளிய வந்தாச்சு. யாரையாவது உக்கார வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பட்டன் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. மாடி வீட்டுக்காரர் இவர் தலையைக் கண்டதும் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார். எதிர்வீட்டில் மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. வாசலில் நாலு ஜோடி செருப்பு மட்டும் இருந்தது, உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"நான் உக்கார்றேன்" என்றாள் மனைவி.

அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. பரிசோதனை என்று வாயைத் திறந்தாலே தலையில் அடித்துக்கொண்டு போகிறவள் அவள்.

இந்தப் பரிசோதனைக்கு என்று ஒரு முறை உண்டு. ஆளையும் செயலியையும் தனியாக விட்டுவிட வேண்டும். அந்த ஆள் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, கல் மாதிரி இருக்க வேண்டும். கணவன்மாரில் பாதிப் பேர் பயிற்சியே இல்லாமல் செய்கிற காரியம்தான். பட்டன் சார் அதைப் படித்துவிட்டுச் செய்தார்.

அவள் போனில் செயலியை இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒரு புது ஊருக்கு நீ வேலைக்குப் போறேன்னு வச்சுக்கோ. அங்க உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு வீடு பிடி." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வச்சுக்கறேன்" என்றாள் அவள்.

அவள் அடித்தது கிளை திறக்கிற அந்த ஊரின் பெயர்தான். அவர் முகம் மாறப் பார்த்தது. ஆனால் முகம் சுளிக்கக் கூடாதே!

"ஊர் போட்டதும் உடனே வந்துடுச்சு, பரவாயில்லையே" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "எனக்குக் கடைக்கு நடந்து போற தூரத்துல வேணும். ம், அதுக்கும் ஒரு இடம் இருக்கு. சமையலறை சின்னதா இருந்தாலும் போதும். ஜன்னல் பெருசா இருக்கணும். நாள் பூரா இருட்டு ரூம்ல உக்காந்திருக்கறவ நான். வீட்டுக்கு வந்தா இங்கயும் இருட்டுதான். உங்க கம்ப்யூட்டர்ல வெளிச்சம் அடிக்குதுன்னு அவ்வளவு கனமான திரையை மாட்டி வச்சிருக்கீங்க. அதை நான் சொன்னதில்ல. நீங்க கேட்டதில்ல."

"தேடும் வசதி நன்று" என்று எழுதிக்கொண்டார் பட்டன் சார். எழுத்து மட்டும் கோணிக்கொண்டது.

"இது நல்லா இருக்கு. இந்த வீடு. சுவர் முழுக்க ஜன்னல். அடேயப்பா!" அவள் குரலில் அப்படி ஒரு குதூகலத்தை அவர் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. "எடுத்துக்கலாம்னு தொட்டுட்டேன். இப்ப எத்தனை பேர் தங்கப் போறீங்கன்னு கேக்குது."

விரல் நின்றுவிட்டது. அவள் போனை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, எத்தனை பேர்னு போடட்டும்?"

அவருக்குப் புரியாமலில்லை. செயலிக்காக அவள் கேட்கவில்லை என்பது நன்றாகவே புரிந்தது. ரெண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அப்போதுதான் கைவசம் இருந்த விதி அவர் உதவிக்கு ஓடி வந்தது. உட்கார்ந்திருப்பவர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. அதற்கென்று எல்லாப் பரிசோதகரும் சொல்கிற ஒரு வாசகம் இருக்கிறது.

"நான் இங்க இல்லைன்னா என்ன போடுவியோ, அதையே போடு."

இன்னும் ஏதாவது வருமா என்று அவள் பார்த்தாள். வரவில்லை.

"சரி" என்று, ஒன்று என்ற எண்ணைத் தொட்டாள்.

பட்டன் சார் பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு மோசமான செயலிக்காக ஏங்கினார். திரையில் காத்திருக்கச் சொல்கிற அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாதா? கடவுச்சொல் கேட்கக் கூடாதா? நீங்கள் மனிதர்தானா, சைக்கிள் படங்களை எல்லாம் தொட்டுக் காட்டுங்கள் என்று அந்தப் பாழாய்ப்போன கட்டங்கள் வந்து நிற்கக் கூடாதா? ஒன்றும் வரவில்லை. "நிச்சயமாகத்தானா?" என்று ஒரு பெட்டி போன தடவை வரைக்கும் இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று மனுஷனுக்குத் தெரியாதா, எதற்கு இரண்டாவது தடவை கேட்டுக் கழுத்தறுக்கிறீர்கள் என்று அதை வெளுத்து வாங்கியவர் இவர்தான். மச்சினன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, எடுத்துவிட்டிருந்தான். பாட்டுக்கூடப் பாடாமல், வீடு உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அடக்கமாக ஒரு வரி வந்து நின்றது.

"முடிஞ்சிடுச்சா? இவ்வளவுதானா?" என்றாள் அவள். "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காங்க."

"இது ஒத்திகை இல்ல. நிஜமாவே பதிவாயிடுச்சு."

"தெரியும்."

அவர் போனைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டார். "ரெண்டுன்னு மாத்திடலாம். எங்கயாவது மாத்தற இடம் இருக்கும்." மேலே இருந்த மூன்று கோட்டைத் தொட்டார். பல்சக்கரத்தைத் தொட்டார். திரும்பி வந்து மறுபடியும் மூன்று கோட்டைத் தொட்டார். விரல் வேர்த்துப் போய், தொட்டது ஒன்று, திறந்தது ஒன்று. பட்டன் தேடித் திருதிருவென்று விழித்தவர்களைப் பார்த்து எத்தனையோ பக்கம் எழுதியவர், இப்போது அதே விழி விழித்தார்.

அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள். உதவவில்லை, தலையாட்டவில்லை.

"பேசிக்கிட்டே தேடுங்க" என்றாள் கடைசியில். "எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா எனக்கு எப்படிங்க தெரியும்?"

"மூணு கோட்டைத் தொடறேன். மொழின்னு வருது. அறிவிப்புன்னு வருது. இங்க இல்ல..." திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு."

அவள் அசையவில்லை.

"இங்கன்னா எதெது தப்பா இருக்குன்னு எனக்கு அத்துப்படி. அங்க ஒண்ணும் தெரியாது. அங்க நீ பெரிய ஆளா இருப்ப. நான் உன் வீட்டுக்காரர்னு மூலையில உக்காந்திருப்பேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. போகாதேன்னு சொல்லவும் வாய் வரல. அதான் கெட்டிலைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"நீ இல்லாம இந்த வீட்ல இருக்க இன்னும் பயமா இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நானும் வரேன்."

அவள் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. திரையை நிதானமாகப் படித்தாள்.

"மாத்த முடியாதுங்க. ஒண்ணுன்னு போட்டதால அதே கட்டடத்துல ஒரு ஆளுக்கு மட்டும் விடற வீட்டை ஒதுக்கியிருக்காங்க. ஒரே ரூம், ஆனா அதே ஜன்னல்."

"அப்ப ரத்து பண்ணிடலாமா? மறுபடி முதல்ல இருந்து தேடுவோம், ரெண்டு பேருக்கா."

"வேணாம். எனக்கு அந்த ஜன்னல் பிடிச்சிருக்கு." எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். அவர் தோளில் ஒரு தரம் கை வைத்துவிட்டு எடுத்தாள். "ரெண்டு பேருக்கு நீங்க தேடுங்க. கிடைச்சதும் மாறிக்கலாம்."

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடை முதலாளியை அழைப்பது கேட்டது. "ஆமா சார், வரேன். ரொம்ப சந்தோஷம் சார்." பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"இல்ல சார். இப்போதைக்கு நான் மட்டும்தான்."