கடைவாசல் சல்யூட்

குழாயடியில் துவைக்க உட்கார்ந்தபோதுதான் பிரேமலதா அந்தக் கறையைப் பார்த்தாள். அவள் புருசன் பேச்சிராஜ் செயற்கைக் காலை மாட்டுவதற்கு முன், முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் காலில் போட்டுக்கொள்கிற பருத்தி உறையில் இருந்தது. தினமும் அதைத் துவைப்பவள் அவள்தான். வியர்வை நாற்றம் அடிக்கும், பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். அன்று உறையின் நுனி காய்ந்து விறைத்துக் கிடந்தது. வாளித் தண்ணீரில் முக்கியதும் சிவப்பாகக் கரைந்தது.

அவனிடம் கேட்டாள். வெக்கைக்கு வேர்க்குரு உடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அந்தக் காலை அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். குப்வாரா பக்கம் எல்லை ரோந்தில் கண்ணிவெடியை மிதித்தபோது அவன் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தான். புனே ராணுவ ஆஸ்பத்திரியில், ஒரு வார்த்தை பாஷை தெரியாமல், நர்சுகளின் கையைப் பார்த்துப் பார்த்தே புண்ணுக்குக் கட்டுப்போடப் பழகினாள். வேர்க்குரு உடைந்தால் எப்படி இருக்கும், எலும்பு முனை உள்ளேயிருந்து தோலை அரைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்க நின்றால்தான் இப்படி ரத்தம் வரும். ஆனால் அவன் உட்கார்ந்தல்லவா வேலை பார்க்கிறான்? ரத வீதியில் ஆனந்தகுமாரின் ஜவுளிக்கடையில் கேமரா அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்ந்தான். பென்சன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வீட்டில் டிவி முன்னால் கிடந்து கிடந்து மனுசன் சுருங்கிப்போய்விட்டானே, நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும் என்று அவள்தான் முதலில் சந்தோசப்பட்டாள்.

துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. குருவிகுளத்துப் பஸ்ஸிலும் புளியங்குடிப் பஸ்ஸிலும் வந்து இறங்கிய கூட்டம் ரத வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. ஜவுளிக்கடைக்கு மேலே மாடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். அதில் தேசியக் கொடி, அம்மன், நடுவில் பேச்சிராஜ். ‘ஒற்றைக் காலில் தவமிருந்த அன்னையின் ஊரில், ஒற்றைக் காலில் தேசம் காத்த வீரரின் சல்யூட்டுடன் ஆடித் தள்ளுபடி.’ அதை இரண்டு தடவை வாசித்தாள். தேசத்தைக் காத்தபோது அவனுக்கு இரண்டு காலும் இருந்தது. ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தவனை இந்த ஊர் ஒற்றைக் காலில் நிற்க வைத்திருக்கிறது.

அவன் வாசலில்தான் நின்றான். கடையில் தைத்துக் கொடுத்த பச்சை உடுப்பு, கறுப்பு ஷூ. நெஞ்சில் அவனுடைய மெடல்கள். அவை இரும்புப் பெட்டிக்குள் இருப்பதாக அல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்? ஆட்கள் படியேற ஏற அவனுடைய கை நெற்றிக்குப் போனது, இறங்கியது. சிலர் சிரித்தார்கள். சிலர் கவனிக்கவே இல்லை. ஒரு பெண் கொசுவத்தைச் சரிசெய்வதற்காகக் கையிலிருந்த பையை அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்த ஒருவன், “இன்னொருக்க அடிங்க சார், வீடியோவுல சரியா விழல” என்றான்.

பேச்சிராஜ் இன்னொரு தடவை அடித்தான்.

பிரேமலதா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனாள். சேலை விரிக்கிற பெண்கள் பலகைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள், அவர்களுக்கும் உட்கார ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் போட்டாள்.

“உக்காருங்க.”

அவன் திரும்பவில்லை. வாயை அசைக்காமல், வீட்டுக்குப் போ என்றான். சொல்லிக்கொண்டே படியேறிய ஒரு குடும்பத்துக்குக் கையைத் தூக்கினான்.

முதலாளி ஆனந்தகுமார் வந்துவிட்டான். சின்ன வயசு, பணிவான பேச்சு. அக்காவுக்கு ஜூஸ் கொண்டுவரச் சொல்லி உள்ளே ஆளை அனுப்பினான். அண்ணாச்சி கேமரா அறையில் கிடக்க வேண்டிய ஆளே இல்லை, ஊர் பார்க்க நிற்க வேண்டியவர், இதெல்லாம் தான் யோசித்துச் செய்த மரியாதை என்றான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிக்கொண்டுதான் பேசுகிறான் என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“அண்ணாச்சிய நாங்க தெய்வமா வச்சிருக்கோம்க்கா.”

“தெய்வத்த நாமதான தம்பி கும்பிடணும்? இங்க தெய்வம்லா போறவன் வாரவனையெல்லாம் கும்பிடுது. ஒங்க தெய்வத்துக்குக் கால்ல ரத்தம் வடியுது, பாக்கியளா?”

குனிந்து அவன் கால்சட்டை நுனியைப் பிடித்தாள். அதே நொடியில் அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் உடைந்துவிடும் போல அழுத்தினான்.

“தொடாத.”

நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. சுற்றிலும் நாலைந்து செல்போன்கள் உயர்ந்திருந்தன. அவள் கையை உருவிக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் வந்தவன் கட்டிலில் உட்கார்ந்து காலைக் கழற்றினான். எப்போதும் சுவரோரம் பதவிசாக நிறுத்திவைப்பான். அன்று ஷூவோடு அதைத் தூக்கி எறிந்தான். அடுப்படி நிலையில் பட்டு விழுந்தது. பிரேமலதா எடுக்கப் போகவில்லை.

“எங்கிட்ட ஏன் பொய் சொன்னிய?”

“சொன்னா விட்டுருப்பியா?”

கேமரா அறையில் கொஞ்ச நாள்தான் இருந்தானாம். பிறகு முதலாளி வந்து வாசலில் நிற்க முடியுமா என்று கேட்டாராம், இவனும் சரி என்றானாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொல்லும்போது அவன் குரல் உயர்ந்தது.

“ஏட்டி, உக்காந்தா எல்லாவனும் காலப் பாக்கான். நின்னாத்தான் மூஞ்சியப் பாக்கான். இத்தன வருசம் கழிச்சு அதக் கண்டேன். நீ இன்னைக்கு வந்து அத்தன பேரையும் காலப் பாக்க வச்சிட்ட.”

அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். முதலாளிமேல், அந்த பிளெக்ஸ் எழுதியவன்மேல், ரயில் நிலையத்தில் மாலை போட்டுக் கூட்டிவந்துவிட்டு மறுவாரமே தெருவில் கண்டும் காணாமல் போன ஊர்மேல், ஒரு சல்யூட்டுக்குள் மானத்தைத் தேடிக்கொண்ட இந்த மனுசன்மேல்.

“மூஞ்சியவா பாத்தான்? இன்னொருக்க அடிங்க, வீடியோவுல விழலன்னானே, அவன் ஒங்க மூஞ்சியவா பாத்தான்?”

பேச்சிராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் மருந்தையும் பஞ்சையும் கட்டிலோரம் வைத்தாள். தொடவிடவில்லை. சாப்பிடவும் இல்லை.

விடிந்தபோது கால் வீங்கியிருந்தது. செயற்கைக் கால் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று பார்த்தான், பிறகு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். இன்று கிடப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் பரணிலிருந்து ஊன்றுகோல்களை எடுத்துத் தரச் சொன்னான். தூசி தட்டிக் கொடுத்தாள். கடை உடுப்பைத் தொடவில்லை, மெடலையும் குத்திக்கொள்ளவில்லை. சாதாரண வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

“எங்க போறிய?”

“வேலைக்கு.”

கொஞ்சம் இடைவெளி விட்டு அவளும் பின்னாலேயே போனாள்.  எதிர்வரிசையில் வளையல் தள்ளுவண்டி ஓரமாக நின்றுகொண்டாள். வளையல்காரர் என்ன சைஸ் வேண்டும் என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

பேச்சிராஜ் கடைக்குள் போய், ஊன்றுகோலால் நெட்டி நெட்டி ஒரு நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தான். பிளெக்ஸுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தான். ஊன்றுகோல்களைப் பக்கத்தில் சாத்தினான். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஆனந்தகுமார் வெளியே வந்து குனிந்து ஏதோ சொன்னான். உள்ளே, கேமரா அறைப் பக்கம் கைகாட்டினான். பேச்சிராஜ் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். ஆனந்தகுமார் நிமிர்ந்து பிளெக்ஸைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், உள்ளே போனான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் படியேறத் தொடங்கியது. முதலில் வந்த குடும்பம் அவனைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, பார்வையைத் தாழ்த்தி, சுவரோரமாக ஒதுங்கிப் போனது. அவன் கை உயரவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கால்சட்டையின் இடதுபக்கத்தை மடித்து ஊக்குக் குத்தாமல் அப்படியே தொங்கவிட்டிருந்தான். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஏசிக் காற்று வந்து அந்த வெறுந்துணியைத் தூக்கியது, கதவு மூடியதும் அது மெல்லத் தணிந்தது.