அரை மிதியில் எவ்வளவு சத்தம்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவின் கணுக்காலிலிருந்து வந்தது. படியில் வழுக்கி எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். "எழுதறதுன்னா எழுதுடா. ஆனா என்னைப் பாவம்னு காட்டினா அப்புறம் உன்கூடப் பேச்சே இல்ல" என்றாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இனி கிட்டாரைத் தொடவே முடியாதோ என்று அவள்

வேண்டாம். அன்று மழையே இல்லை. அழுகைக்கு மழையைத் துணைக்குக் கூப்பிடும் பழக்கத்தை நான் விட்டாக வேண்டும்.

விஷயம் இதுதான். அக்கா ஒரு பேண்டில் கிட்டார் வாசிக்கிறாள். கைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் வாசிப்பில் பாதி, வலது காலடியில் இருக்கும் பெடலில் இருக்கிறது. கணுக்காலோ இப்போது துளிதான் அசைகிறது. சனிக்கிழமை ஒத்திகையில் சரிப்படாவிட்டால் பேண்ட் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும்.

2

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியில் மாமா செய்யும் தப்பு புரியவில்லை என்று பிறகு என்னைத் திட்டக் கூடாது.)

பெடலை மிதித்தால் மேல்பலகை சாய்கிறது. அதோடு சேர்ந்த பல் வைத்த சட்டம் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் மாட்டியிருப்பது ஒரு வால்யூம் கண்ட்ரோலில். ரேடியோவில் கையால் திருகுவோமே, அதேதான். உள்ளே கரி பூசிய வளையத்தின்மேல் ஒரு உலோக நாக்கு ஊர்கிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து, கிட்டாரிலிருந்து வரும் சிக்னலில் ஒரு பங்கு ஸ்பீக்கர் பக்கம் போகும். மிச்சம் எர்த்தில் இறங்கிவிடும். வால்யூம் பெடல் என்பது இவ்வளவுதான்.

கால்விரல் பக்கம் ஒரு ஸ்விட்ச் உண்டு. முழுக்க மிதித்து அதைத் தட்டினால் அதே பெடல், கிட்டாரை 'வா-வா' என்று பேசவைக்கும் பெடலாகிவிடும். அங்கே ஒரு கம்பிச்சுருளும் கண்டென்சரும் ஜோடி சேர்ந்து, சத்தத்தில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். மிதிக்க மிதிக்க அந்தப் பகுதி அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரலுக்கு நகரும். 'உ' என்று குவித்த வாயை மெல்ல 'ஆ' என்று திறந்து பாருங்கள். தொண்டை கொடுப்பது ஒரே சத்தம். அதில் எதை வெளியே விடுவது என்பதை வாய் பார்த்துக்கொள்கிறது.

3

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். (யாரும் கேட்காமலே உதவி செய்கிற கணவரை வாசகர்கள் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவர் உதவுகிற அழகைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள்.) அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெடலைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பாதி மிதியில் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. கண்ட்ரோல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, பாதி மிதிக்குச் சரிபாதி சிக்னல் தரும் வேறொன்றை வாங்கிப் பற்றவைத்துவிட்டார்.

"பாதி மிதிச்சா பாதி வரணுமா இல்லையா? லிஃப்ட் அப்படித்தானே ஏறுது?"

"காது லிஃப்ட் இல்லீங்க" என்றாள் அக்கா.

காதுக்கு ஒரு படி ஏறியதாகத் தோன்ற, சிக்னல் மடங்கு மடங்காகப் பெருக வேண்டும். அதனால்தான் பழைய கண்ட்ரோல் முதலில் கஞ்சனாகவும் கடைசியில் தாராளமாகவும் இருந்தது. மாமா வைத்ததில் காலை லேசாக அசைத்ததுமே சத்தம் பாய்ந்து வந்துவிடும். மீதி மிதியெல்லாம் சும்மா. எந்தக் கிட்டார்காரரும் தலையில் அடித்துக்கொள்வார். அக்காவும் அடித்துக்கொண்டாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "பழசையே வெச்சுடறேம்மா" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"இருங்க."

அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினாள். பலகை பின்பக்கம் சாய்ந்திருக்க, பாதம் வலிக்காமல் அதில் பொருந்தியது. கம்பியைத் தட்டிவிட்டு, தனக்கு முடிந்த அந்தத் துளி அளவு மிதித்தாள். தட்டும்போது வால்யூம் மூடியிருந்ததால் அந்த ஓசை கேட்கவில்லை. நாதம் மட்டும் எழுந்து அறையை நிரப்பி, இறங்கி, மறுபடி எழுந்தது. அவளால் முடிந்த அசைவுக்குள்ளேயே கிட்டத்தட்ட எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது.

"பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள். "கால் சரியானதும் வேணும்."

'வா-வா' மட்டும் நடக்கவில்லை. ஸ்விட்ச் வரைக்கும் கால் போகவில்லை. இதை மறைத்திருந்தால் கதை இன்னும் அழகாக முடியும்.

4

முடிவு ஒன்று: பேண்டே வாயடைத்து நிற்கிறது, கைதட்டல் காதைப் பிளக்க (அக்கா படித்துவிட்டு "படம் காட்டாதே" என்று கோடு போட்டு அடித்துவிட்டாள்.)

முடிவு இரண்டு: வேறு ஆளை எடுத்துக்கொள்கிறார்கள், அவள் ஜன்னலோரம் (இதை நானே அடித்தேன். மனசு வரவில்லை.)

ஆகவே, சனிக்கிழமை நடந்ததில் எனக்குத் தைரியம் இருக்கும் அளவுக்குச் சொல்கிறேன். பேண்டின் தலைவர் டிரம்மர். மூலையில் புதிதாக ஒருவர், உறையிலிருந்து எடுக்காத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதை டிரம்மர் கவனித்தார்.

"வா-வா இல்லாம எப்படிங்க?"

"வால்யூம் பெடலை மட்டும் வெச்சே முழுக்க வாசிக்கறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் மூலையைப் பார்த்தார். அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு குச்சிகளைத் தூக்கி ஒன்றோடொன்று தட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

'நாலு' என்றால் பாட்டு தொடங்கிவிடும்; அதை நான் எழுத மாட்டேன். தம்பி எழுதினால் அது அக்காவுக்குப் போட்ட ஓட்டாகிவிடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், பாதத்தைப் பெடல்மேல் வைத்துக் காத்திருக்கிறாள், ரொம்ப நேரம் வைத்திருந்தால் வலிக்கும்.