சொன்னபடி கேட்ட தாரணி

என் மகள் தாரணிக்கு அப்போது நாலரை வயது. வாயா அது! ஒரு 'ஏன்'னுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த 'ஏன்' வந்து நிற்கும். போதாததற்கு வீட்டில் நடப்பதையெல்லாம் வகுப்பில் போய் ஒப்பித்துவிடுவாள். அவளுடைய டீச்சர் மௌரீன் மிஸ் சிரிப்பார்: "இந்த வயசுல அப்படித்தாங்க, வயித்துல எதுவும் நிக்காது."

தொண்ணூற்றொன்று டிசம்பரில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவிரிக் கலவரம். நாங்கள் இருந்ததோ கன்னட ஊர்; தமிழ் காதில் விழுந்தால் அடி விழும் என்று தெருவெல்லாம் பேச்சு. பள்ளியைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பா கன்னடக்காரர்; தன் ஆட்டோவிலேயே என்னைக் கூட்டிப்போய்ப் பிள்ளையை ஏற்றிக்கொண்டார்.

ஏறியதுமே தாரணியின் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். "இதோ பாருடி, வீடு போற வரைக்கும் தமிழ்ல பேசக் கூடாது. பேசினே, தோலை உரிச்சிடுவேன்."

"ஏம்மா?"

"மூச்!"

எங்கள் ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பும் முனையில் ஐந்தாறு பேர் கட்டைகளோடு மறித்தார்கள். என்னைத் தன் தங்கை என்றார் கோவிந்தப்பா. ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் கன்னடத்தை இரண்டு வார்த்தை கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அவன் தாரணியிடம் திரும்பி, "ஹெசரேனு புட்டி?" என்று பேர் கேட்டான்.

பேரை மட்டும் சொல்லித் தொலையேன்! என் வயிற்றெரிச்சல், அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளியில் பழகிய சுத்தமான கன்னடத்தில் சொன்னாள்: "தாரணி. தமிழ் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவன் கட்டையை ஓங்கினான். கோவிந்தப்பா கீழே குதித்துக் குறுக்கே நின்று, "மகு கணப்பா, மகு" என்று, குழந்தை குழந்தை என்று கன்னடத்தில் கெஞ்சினார். அவன் தாரணியையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், சொன்னபடி செய்துவிட்ட பிள்ளையின் சிரிப்பு. ஓங்கிய கட்டையை ஆட்டோவின் முன்விளக்கில் போட்டு நொறுக்கிவிட்டு, போங்கள் என்று கையை ஆட்டினான்.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டதும் அவளை அறையத்தான் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. இன்னமும் கன்னடத்திலேயே கேட்டாள்: "நான் தமிழ்ல பேசவே இல்லையே அம்மா, சரிதானே?"

பாவி நான்! நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் மீறவில்லை. அப்படியே வாரிக் கட்டிக்கொண்டேன். "சரிதான்டி என் தங்கமே, இனிமே தமிழ்லயே பேசு" என்றேன். என் சொந்த வீட்டுக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் காதோடுதான் சொன்னேன்.